பெர்சிகாவா, பெஸ்ஸிகாவா?

சென்ற நோன்புப் பெருநாளுக்கு வாப்பா கட்டாரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பொருட்களில் ஒரு பெரிய தகரப்பேணியும் இருந்தது. பாதியாக வெட்டிய மஞ்சள் நிறப் பழங்கள் சீனிப்பாகில் மிதப்பது போல அதன் மேல் ஒரு படம். கிரேக்க நாட்டுத் தயாரிப்பு. உம்மா அதைப் பெருநாள் புடிங்குக்கென்று அலுமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டார். திறப்பதற்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. ஆகவே பழம் கிடைக்கும்வரை எனக்குக் கிடைத்தது அந்தப் பேணியைச் சுற்றி ஒட்டியிருந்த கடதாசி மட்டும்தான்.

அதில் ஒரே பழத்தின் பெயர் பல மொழிகளில் அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் ‘பீச்’. பிரெஞ்சில் ‘பெஷ்’. ஒல்லாந்தரின் டச்சு மொழியில் ‘பெர்ஸிக்’. ஜேர்மன் மொழியில் ‘ப்ஃபிர்ஸிஷ்’. அரபு எழுத்தில் ‘கவ்க்’. அரபுச் சொல் தனியாக நின்றது. மற்ற நான்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருந்தன. ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்கு முழுவதும் ஒத்துப்போகவில்லை. டச்சிலும் ஜேர்மனிலும் ஓர் ‘ர்’ இருக்கிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது இல்லை. ஜேர்மன் மொழியில் மட்டும் ‘ப்’ என்ற ஒலி ‘ப்ஃப்’ என்று வீங்கியிருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் வெளியே நடந்த ஒரு கட்டுரைப் போட்டிக்கு என் மூத்தவாப்பாவைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தேன். ‘தபால் கந்தோரில் வேலை செய்த மூத்தவாப்பா, வீடு வந்ததும் ஒரு துண்டுப் பாணும் தேநீரும் எடுத்துக்கொண்டு, மஃரிப் வாங்கு சொல்லும்வரை வாசல் வாங்கில் உட்கார்ந்திருப்பார்’ என்பது அதன் முதல் வசனம். கட்டுரை திரும்பி வந்தபோது அந்த ஒரு வசனத்திலேயே நான்கு சிவப்புக் கோடுகள். கந்தோர், பாண், வாங்கு, மீண்டும் வாங்கு. ஓரத்தில், ‘இவை தமிழ்ச் சொற்கள் அல்ல. நல்ல தமிழில் எழுதப் பழகவும்’ என்று இருந்தது.

பரிசு கிடைக்காதது எனக்குப் பெரிய கவலை அல்ல. ஆனால் அந்தச் சொற்களை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. மூத்தும்மாவின் வாயிலிருந்து எடுத்தேன். சிவப்புக் கோடு மூத்தும்மாவின் பேச்சின் மேல் விழுந்தது போல இருந்தது. அந்த மனக்குறையோடு இருந்த எனக்கு ஒரு பழமரத்தின் பெயர் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாரசீகத்து மரம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் தடித்த ஓர் ஆங்கில அகராதி இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, பொருள் முடிந்த பின், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். நாங்கள் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுவதால் அந்தச் சிறிய எழுத்தைக் கவனிப்பதில்லை. என் தேடலை நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

பீச் மரத்தை கிரேக்கர்களும் ரோமர்களும் கிழக்கிலிருந்து பெற்றார்கள். பாரசீகத்தின் வழியாக வந்ததால் அதன் கனியைப் ‘பாரசீக ஆப்பிள்’ என்றார்கள். இலத்தீனில் ‘மாலும் பெர்சிகும்’. காலப்போக்கில் ‘ஆப்பிள்’ என்ற பகுதி உதிர்ந்து, ‘பாரசீகத்தது’ என்ற அடைமொழி மட்டும் பெயராக நின்றுவிட்டது. மரத்துக்கும் பழத்துக்கும் அதுவே பெயர். இலத்தீனில் ஒரு பழம் ‘பெர்சிகும்’. பல பழங்கள் ‘பெர்சிகா’. மக்கள் பேச்சில் அந்தப் பன்மை வடிவமே நாளடைவில் ஒருமையாகிவிட்டது.

கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த ரோம அறிஞர் பிளினி, தாம் எழுதிய இயற்கை வரலாற்று நூலில் இந்த மரத்தைக் குறிப்பிடுகிறார். அது வேற்று நாட்டு மரம் என்பதும் பாரசீகத்திலிருந்து வந்தது என்பதும் பெயரிலிருந்தே தெரிகிறது என்பது அவர் கருத்து.

ஆனால் பெயர் முழு உண்மையைச் சொல்லவில்லை. பீச் மரத்தின் தாயகம் சீனா. அந்நாட்டின் ஜெஜியாங் மாகாணத்தில் சுமார் 8000 ஆண்டுகள் பழைமையான பீச் கொட்டைகள் கிடைத்துள்ளன. சீனாவிலிருந்து பாரசீகத்துக்கு வந்து, அங்கு நன்றாக வேரூன்றிய பிறகே அது மேற்கே போனது. கடைசியாக யாருடைய வீட்டு வாசலில் கண்டார்களோ அவர்களையே உரிமையாளர் என்று ரோமர்கள் நினைத்துக்கொண்டார்கள். 1753 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் தாவரங்களுக்குப் பெயரிட்டபோதும் இதற்கு ‘பெர்சிகா’ என்ற அடைமொழியையே வைத்தார். இன்றும் அதன் விஞ்ஞானப் பெயர் ‘புரூனஸ் பெர்சிகா’. சீனத்து மரம் பாரசீகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் முழுவதும் நிற்கிறது.

ரைன் நதிக்கரையில் ஒரு கடன்

ரோமப் பேரரசின் வடக்கு எல்லையாக நெடுங்காலம் இருந்தது ரைன் நதி. அதன் கரையில் படைமுகாம்களும் நகரங்களும் உருவாகின. இன்றைய கொலோன் நகரம் கி.பி. 50 இல் ரோமக் குடியேற்ற நகரம் என்ற தகுதியைப் பெற்றது. ‘குடியேற்றம்’ என்று பொருள்படும் ‘கொலோனியா’ என்ற இலத்தீன் சொல்லே இன்றும் அதன் பெயர்.

நதியின் அக்கரையிலும் இக்கரையிலும் வாழ்ந்தவர்களில் பலர் ஜேர்மானிய மொழிகளைப் பேசினர். இன்றைய ஆங்கிலம், டச்சு, ஜேர்மன் ஆகிய மூன்றும் அந்த மொழிகளின் வழிவந்தவை. அவர்கள் ரோமர்களோடு போரிட்டார்கள். அவர்களுக்குப் பொருட்களை விற்றார்கள். அவர்களின் படையிலும் சேர்ந்தார்கள். புதிய பொருட்கள் வந்தபோது பெயர்களும் கூடவே வந்தன. திராட்சை மது, கற்சுவர், கல் பதித்த வீதி, மிளகு போன்றவற்றுக்கு ஜேர்மானிய மொழிகளில் வழங்கும் சொற்கள் இலத்தீனிலிருந்து வந்தவையே. ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரீட்’ என்பதும் இலத்தீனின் ‘ஸ்த்ராட்டா’தான்.

ரோமர்கள் தங்கள் பழமரங்களையும் கொண்டுவந்தார்கள். ரைன் பகுதியில் ரோமர் காலக் குடியிருப்புகளில் பீச் கொட்டைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அங்கிருந்த மக்களுக்கு அப்படியொரு மரம் முன்பு தெரியாது. அதற்கு ஒரு பெயரும் இருக்கவில்லை. ஆகவே நட்டவர்கள் சொன்ன பெயரையே தாங்களும் சொன்னார்கள். இன்றைய ஜேர்மன் மொழியில் அந்த மரம் ‘ப்ஃபிர்ஸிஷ்பௌம்’. ‘பௌம்’ என்றால் மரம்; அது அவர்களின் சொந்தச் சொல். நாங்கள் ‘கொய்யா’ என்ற பெயரைப் போர்த்துக்கேயர் வழியாகப் பெற்று, எங்கள் ‘மரம்’ என்ற சொல்லை அதன் பின்னால் சேர்த்துக் ‘கொய்யாமரம்’ என்கிறோமே, அதைப் போன்றதுதான் இதுவும்.

வெள்ளையடித்த நாளின் துளிகள்

இப்போது அந்த ‘ப்ஃப்’ ஒலிக்கு வருவோம்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அறையில் இருக்கும் மேசை, கதிரை எல்லாவற்றிலும் சுண்ணாம்புத் துளிகள் தெறித்துவிடும். அடுத்த மாதம் வாங்கிய கதிரையில் அந்தத் துளி இருக்காது. ஆகவே துளியைப் பார்த்தே, எந்தக் கதிரை வெள்ளையடிப்பதற்கு முன்னரே வீட்டில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

மொழிகளிலும் இப்படி ஒரு வெள்ளையடிப்பு நடப்பதுண்டு. கி.பி. 5 ஆம் நூற்றாண்டுக்கும் 8 ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், ஜேர்மானிய மொழிகள் வழங்கிய நிலத்தின் தெற்குப் பகுதியில் ஒரு பெரிய ஒலிமாற்றம் ஏற்பட்டது. சொல்லின் முதலில் வந்த ‘ப்’ என்ற ஒலி ‘ப்ஃப்’ ஆனது. உயிரொலிக்குப் பின் வந்த ‘க்’ என்ற ஒலி தொண்டைப் பக்கம் உரசும் ஒலியானது. வடக்கே டச்சும், கடலுக்கு அப்பால் ஆங்கிலமும் இந்த மாற்றத்துக்கு உட்படவில்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘புக்’ என்பது ஜேர்மனில் ‘பூஹ்’. ஆங்கிலத்தில் ‘ஆப்பிள்’, டச்சில் ‘அப்பெல்’, ஜேர்மனில் ‘அப்ஃபெல்’.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மாற்றம் சொந்தச் சொல், கடன் சொல் என்று வேறுபாடு பார்க்கவில்லை. அன்று வீட்டில் இருந்த எல்லாவற்றின் மேலும் துளி தெறித்தது. இலத்தீனிலிருந்து வந்த ‘பிபெர்’, அதாவது மிளகு, ‘ப்ஃபெஃபர்’ ஆனது. ‘புரூனும்’ என்ற பழம் ஆங்கிலத்தில் ‘பிளம்’ ஆகவும் டச்சில் ‘பிரௌம்’ ஆகவும் இருக்க, ஜேர்மனில் ‘ப்ஃப்லௌமெ’ ஆனது. அவ்வாறே ‘பெர்சிகா’வும் ‘ப்ஃபிர்ஸிஷ்’ ஆனது. இதில் துளி இரண்டு இடங்களில் தெறித்திருக்கிறது. முதலில் ‘ப்’ மாறியது. இறுதியில் ‘க்’ மாறியது. டச்சின் ‘பெர்ஸிக்’கில் இரண்டும் பழையபடியே இருக்கின்றன.

மாறாக, பேரிக்காய் மரத்தின் பெயரைப் பாருங்கள். இலத்தீனில் ‘பிரா’, ஆங்கிலத்தில் ‘பெயார்’. ஜேர்மனில் ‘பிர்னெ’, அதில் ‘ப்ஃப்’ இல்லை. ஆகவே அந்தப் பெயர் தெற்கு ஜேர்மானியருக்கு ஒலிமாற்றம் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். காகிதத்தைக் குறிக்கும் ‘பப்பீர்’ என்ற சொல்லிலும் ‘ப்ஃப்’ இல்லை. ஜேர்மனியின் முதல் காகித ஆலை 1390 ஆம் ஆண்டில்தான் நியூரம்பர்க் நகரில் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் வந்த சொல்லில் பழைய துளி எப்படி இருக்கும்?

ஒரு சாசனமும் இல்லாமல், ஒரு திகதியும் இல்லாமல், ஒரு சொல் தன் வயதைத் தன் ஒலிக்குள்ளேயே வைத்திருக்கிறது. இதை வாசித்து விளங்கிக்கொண்ட அன்று நான் அலுமாரியைத் திறந்து அந்தப் பேணியை மீண்டும் பார்த்தேன். விலைச்சீட்டாகத் தெரிந்த அந்தக் கடதாசி இப்போது ஒரு சரித்திரப் புத்தகத்தின் பக்கமாகத் தெரிந்தது.

காணாமற்போன ‘ர்’

இனி அந்த ‘ர்’ எங்கே போனது என்று பார்ப்போம். என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

பிற்கால இலத்தீனில் ஓர் ஆசிரியர், பெயர் தெரியாத ஒருவர், ஒரு திருத்தப் பட்டியலைத் தயாரித்தார். புரோபஸ் என்பவரின் பெயரால் வழங்கிய இலக்கண நூல் ஒன்றோடு சேர்ந்து கிடைத்ததால் அதைப் ‘புரோபஸ் பின்னிணைப்பு’ என்பார்கள். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சரியான வடிவத்தை எழுதி, மக்கள் பேச்சில் வழங்கிய ‘பிழையான’ வடிவத்தைப் பக்கத்தில் காட்டி, இப்படிச் சொல்லாதே என்று தடுக்கிறார். அந்தப் பட்டியலில் எங்கள் மரமும் இருக்கிறது. ‘பெர்சிகா’ சரி, ‘பெஸ்ஸிகா’ பிழை.

அதாவது, அக்காலத்துச் சாதாரண மக்கள் ‘ர்’ ஒலியை விழுங்கிவிட்டுப் பெஸ்ஸிகா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் தம்மால் முடிந்தவரை தடுத்தார். மக்கள் கேட்கவில்லை. அந்தப் ‘பிழை’யே வளர்ந்து இத்தாலிய மொழியில் ‘பெஸ்கா’ ஆனது. பிரெஞ்சில் ‘பெஷ்’ ஆனது. 1066 ஆம் ஆண்டில் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் நிறையப் புகுந்தன. அவ்வாறு வந்ததுதான் ‘பீச்’. ஆங்கிலத்தில் அதற்கு முன்னரே ‘பெர்சொக்’ என்ற சொல் இருந்தது. அது இலத்தீனிலிருந்து பெற்ற, ‘ர்’ உள்ள பழைய கடன். புதியது வந்ததும் பழையது மறைந்துவிட்டது. ஒரே இலத்தீன் பெயர் ஒரே மொழியின் கதவை இரண்டு முறை தட்டியிருக்கிறது.

இப்போது பேணியின் மேல் இருந்த நான்கு பெயர்களும் விளங்குகின்றன அல்லவா? ‘ர்’ இருந்தால் அது இலத்தீனிலிருந்து ஜேர்மானியத்துக்கு வந்த பழைய வழி. ‘ர்’ இல்லாவிட்டால் அது பெஸ்ஸிகாவின் வழி. ஆசிரியர் தடுத்த அந்தச் சொல்லின் பேரப்பிள்ளையைத்தான் இன்று ஆங்கிலப் பாடத்தில் எழுதி நாங்கள் புள்ளி பெறுகிறோம்.

இதை அறிந்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தப் பழைய ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பிழையென்று எழுதி வைக்காவிட்டால், அக்காலத்து ஏழை எளிய மக்கள் அந்தப் பழத்தை எப்படி அழைத்தார்கள் என்பது இவ்வளவு தெளிவாக எங்களுக்குத் தெரிந்திருக்காது. எதை அழிக்க நினைத்தாரோ அதற்கு அவரே சாட்சியாகிவிட்டார்.

அரபுக்குப் போன பெயர்

தனியாக நின்ற அரபுச் சொல்லையும் விட்டுவிடக் கூடாது. ‘கவ்க்’ என்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. ஆனால் சிரியா, லெபனான் பகுதிகளில் பீச் பழத்தைத் ‘துர்ராக்’ என்பார்கள். அங்கு ‘கவ்க்’ என்றால் பிளம் பழம். பீச் பழங்களுள் சதை கடினமான ஒரு வகையை ரோமர்கள் ‘தூராகினும்’ என்றார்கள். பீச் வகைகளில் அதற்கே முதலிடம் என்கிறார் பிளினி. அந்தப் பெயர் கிரேக்கத்தின் வழியாக அரபை அடைந்து ‘துர்ராக்’ ஆனது. கிரேக்கர்களே அதைச் சற்று உருமாற்றி இன்று ‘ரொடாக்கினோ’ என்கிறார்கள். அரபு வளமான மொழி என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். அதுவும் ஒரு பழத்துக்குப் பெயர் தேவைப்பட்டபோது தயங்காமல் பெற்றுக்கொண்டது.

எங்கள் வாங்கும் எங்கள் வங்கியும்

பிறகு என்னுடைய நான்கு சிவப்புக் கோடுகளையும் அதே முறையில் பார்த்தேன்.

‘பாண்’ போர்த்துக்கேயச் சொல். அதன் மூலம் இலத்தீனின் ‘பானிஸ்’. ‘கந்தோர்’ 1658 முதல் 1796 வரை எங்கள் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ‘கந்தோர்’. அவர்கள் அதைப் பிரெஞ்சிலிருந்து பெற்றார்கள். பிரெஞ்சு அதை, எண்ணுதல் என்ற பொருளுடைய ‘கொம்புதாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து உருவாக்கியது. கம்பியூட்டர் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். இலத்தீனிலிருந்து ஒரு ஜேர்மானிய மொழிக்குள் நுழைந்த சொல் பீச் மரம் போல ரைன் கரையிலேயே நின்றுவிடாமல், கப்பலேறி எங்கள் ஊர்த் தபால் கந்தோர் வரை வந்திருக்கிறது.

‘வாங்கு’ இன்னும் வியப்பானது. உட்காரும் வாங்கு போர்த்துக்கேயரின் ‘பாங்கோ’. அதுவோ, போர்த்துக்கேயத்தின் முன்னோர் ஜேர்மானியரிடமிருந்து பெற்ற சொல். பழமரங்களின் பெயர்களைக் கொடுத்த இலத்தீன் குடும்பம், இருக்கையின் பெயரைத் திருப்பி வாங்கியிருக்கிறது! பள்ளிவாசலில் சொல்லும் வாங்கு பாரசீகத்தின் ‘பாங்க்’. இரண்டு சொற்களும் இரண்டு திசைகளிலிருந்து வந்து, தமிழில் ஒரே உருவத்தைப் பெற்றுவிட்டன. பணம் போடும் ‘வங்கி’யும் ஆங்கிலத்தின் ‘பேங்க்’தான். இருக்கையைக் குறித்த அதே ஜேர்மானியச் சொல்லே அதற்கும் மூலம். ஆங்கிலத்துக்குள் பெர்சிகா இரண்டு முறை வந்தது போல, எங்களுக்குள் இது இரண்டு முறை வந்திருக்கிறது.

இந்த மூன்றிலும் தொடக்கத்தில் இருந்த மெல்லிய பகர ஒலி வகரமாகிவிட்டது. பிற்காலத்தில் வந்த ‘பஸ்’ஸில் அப்படி நடக்கவில்லை. ஜேர்மன் மொழியின் ‘ப்ஃப்’ போல, எங்கள் வீட்டுச் சுண்ணாம்புத் துளி இது.

நாங்களும் வாங்கியது மட்டுமல்ல, கொடுத்துமிருக்கிறோம். ஆங்கிலத்தின் ‘மாங்கோ’வும் ‘டீக்’கும் தமிழும் மலையாளமும் வழங்கிய மாங்காயும் தேக்கும்தான். ஆங்கிலேயப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அவற்றுக்கு யாரும் கோடு போடுவதில்லை.

எப்படியும் எழுதலாம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்துப்பிழை பிழைதான். பரீட்சைத்தாளில் ‘ழ’கரத்தையும் ‘ள’கரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு, ரோமர்களைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அலுவலகம் என்ற அழகான சொல்லும் எனக்கு வேண்டும். ஆனால் மூத்தவாப்பா வேலை செய்தது அலுவலகத்தில் அல்ல, கந்தோரில். வெளியிலிருந்து வந்த சொல் வேறு, பிழையான சொல் வேறு. இந்த இரண்டையும் ஒரே சிவப்புக் கோட்டால் அடிக்கக் கூடாது என்பதே என் கருத்து.

அந்தக் கட்டுரைத்தாளை நான் கிழிக்கவில்லை. சிவப்புக் கோடுகளோடு அப்படியே வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எப்படிப் பேசினோம் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி அல்லவா?

பெருநாள் அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா பேணியைத் திறந்தார். மூத்தும்மாவின் கிண்ணத்தில் இரண்டு துண்டுகளை நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு,

“என்ன பழம் மகள் இது?” என்று கேட்டார்.

“பீச், மூத்தும்மா.”

“பீச்சம்பழமா? பேரீச்சம்பழத்துக்குச் சொந்தமா?”

வீடே சிரித்தது. வாப்பா திருத்தப் போனார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். சீனாவில் முளைத்து, பாரசீகத்தின் பெயரைச் சூடி, ரோமர் வாயில் ‘ர்’ ஒலியை இழந்து, பிரெஞ்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் இருந்துவிட்டு வந்த அந்தப் பெயர், என் கண்முன்னே எங்கள் சாப்பாட்டு மேசையில் தமிழ் உடுத்திக்கொண்டிருந்தது.

மூத்தும்மா கிண்ணத்தை நீட்டினார்.

“இன்னொரு துண்டு பீச்சம்பழம் போடுங்க மகள்.”

– க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு